கவிஞர் வகுத்த களம்

1839ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை அடுத்த அயர்ஷயரில், எக்ளிண்டன் கோட்டையைச் சூழ்ந்த பூங்காவில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் திரண்டிருந்தனர். நாலாயிரம் பேர் வரக்கூடும் என்று கருதியே ஏற்பாடுகள் செய்யப்பட்டிருந்தன. அப்பகுதியில் புகைவண்டி ஓடத் தொடங்கி ஒரு மாதமும் நிரம்பவில்லை. அந்தப் புத்தம்புதிய வண்டியில் நெருக்கியடித்து ஏறி மக்கள் காண வந்ததோ அறுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட காட்சி. இளம் பிரபுக்கள் முழு இரும்புக் கவசம் பூண்டு, ‘டிராகன் வீரர்’, ‘கருஞ்சிங்க வீரர்’, ‘அன்ன வீரர்’ என்று புனைபெயர் தாங்கி, நீண்ட ஈட்டி ஏந்தி, குதிரைமேல் ஒருவரையொருவர் எதிர்த்துப் பாய்வர் என்பது அறிவிப்பு. அரியணையில் வீற்றிருந்து வென்றாரைச் சிறப்பிக்க ‘எழிலரசி’ ஒருவரும் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். அவர் நாடகாசிரியர் ஷெரிடனின் பேத்தியாகிய லேடி செய்மர்.

ஊர்வலம் புறப்படும் வேளையில் மழை பிடித்துக்கொண்டது. எழிலரசியும் தோழியரும் மூடுவண்டிகளில் சென்றனர். விழாவின் ‘அரசர்’ பட்டம் ஏற்றிருந்த லண்டன்டெரி பிரபு, அரச உடையோடு குதிரைமேல் அமர்ந்தபடியே குடையை விரித்தார். களம் சேறாயிற்று. விருந்துக்கென எழுப்பிய கூடாரத்தின் கூரை ஒழுகியது. அன்றைய விருந்தும் நடனமும் கைவிடப்பட்டன. ஓர் இலட்சம் பேரும் நனைந்த உடையோடு சேற்றில் நடந்து ஊர் திரும்பினர். கவசமணிந்த வீரனும் அவன் தலைமேல் குடையும் கேலிச்சித்திரக்காரர்களுக்கு நெடுநாள் தீனியாயின. எக்ளிண்டன் விழாவைப் பற்றிப் பின்னர் எழுதியவர்களில் பலர் அக்குடையை விட்டு அப்பால் நகரவே இல்லை.

நகைத்து ஒதுக்குதல் எளிது. நகைப்பவர் தம்மையறியாமலே ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகின்றனர்: இது போலி என்றால், இதற்கு மூலமான மெய்யொன்று முன்னொரு காலத்தில் இருந்தது என்பது பொருளாகிறது. வீரர்கள் உண்மையிலேயே அறம் பிறழாதவராய், மெலியார்க்கு இரங்குவோராய், சொன்ன சொல் காப்போராய்ப் பொருத களம் ஒன்று இருந்ததா? இக்கேள்வி வரலாற்றாசிரியர்க்கு மட்டுமன்று, கவிதை எழுதுவோர்க்கும் உரியது என்பதாலேயே இதனை நம் வட்டத்தின் மலரில் எழுதத் துணிந்தேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். ‘ஷிவல்ரி’ என்பதன் வேர் குதிரையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். குதிரை உடையவன் வீரன்; அவனது ஒழுகலாறே ஷிவல்ரி. நம் புறத்திணை மரபின் ‘மறம்’ அதற்கு அருகில் வரும். ஆயினும் குதிரையும் கவசமும் வாங்கும் செல்வம், நிலவுரிமை, கிறித்துவச் சமயம், பெருமாட்டி ஒருத்திக்குச் செய்யும் தொண்டு என்பனவெல்லாம் அதில் அடங்கா. ‘வீரநெறி’ என்றே இக்கட்டுரையில் வழங்குவேன். ‘டூர்னமெண்ட்’ என்பதை ‘விளையாட்டுப்போர்’ என்று குறிப்பேன். தொடக்கத்தில் அதில் விளையாட்டைக் காட்டிலும் போரே மிகுதி.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் விளையாட்டுப்போர், திரைப்படங்களில் நாம் காண்பதுபோல் வேலியிட்ட களத்தில் இருவர் மோதுவதன்று. இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட வயலும் தோப்பும் தெருவும் எல்லாம் களம். இருபுறமும் நூற்றுக்கணக்கான குதிரைவீரர் திரண்டு மோதுவர். கொல்வது நோக்கமன்று, பிடிப்பதே நோக்கம். பிடிபட்டவனின் குதிரையும் கவசமும் பிடித்தவனுக்கு. பிடிபட்டவன் மீட்புப்பணமும் தரவேண்டும். 1130இல் கிளெர்மோன் நகரில் கூடிய திருச்சபைப் பேரவை இதனைத் தடைசெய்து, இதில் மாண்டவர்க்குத் திருச்சபையின் முறைப்படி அடக்கம் இல்லை என்று விதித்தது. யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 1316இல் தடை நீங்கும்வரை, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், தடையும் இருந்தது, ஆட்டமும் நடந்தது. இங்கிலாந்து மன்னன் முதலாம் ரிச்சர்டு 1194இல் இதைத் தடுக்காமல் வருவாயாக்கினான். ஐந்து இடங்களுக்கு உரிமம் அளித்து, கலந்துகொள்ளும் ‘ஏர்ல்’ 20 மார்க்கு, ‘பாரன்’ 10, நிலமுள்ள வீரன் 4, நிலமற்றவன் 2 என்று கட்டணம் குறித்தான்.

இக்களத்தின் தலைமகன் வில்லியம் மார்ஷல். இளையமகனாய்ப் பிறந்ததால் நிலம் இல்லை. ஈட்டியே அவன் முதல். அவன் 1219இல் இறந்தபின், மக்கள் விருப்பத்தால் பிரெஞ்சு மொழியில் 19,000 அடிகளுக்கு மேற்பட்ட வாழ்க்கை வரலாற்றுக் காப்பியம் ஒன்று எழுதப்பட்டது. அதில் ஒரு கணக்கு வருகிறது. மார்ஷலும் அவன் கூட்டாளி ரோஜர் த காகியும் பங்கு பேசிக்கொண்டு களந்தோறும் சென்று பத்து மாதத்தில் 103 வீரரைப் பிடித்தார்கள். குதிரைகளைத் தனியே எண்ணவேண்டும். கணக்கெழுதிய ஒருவரின் ஏடே இதற்குச் சான்று என்று அக்காப்பியம் பெருமையோடு கூறுகிறது. இன்னொரு நாள் ஆட்டம் முடிந்து பரிசளிக்க அவனைத் தேடினால் காணவில்லை. கொல்லன் உலைக்களத்தில் பட்டடைக்கல்லின்மேல் தலையை வைத்துக் கிடக்கிறான். அடிபட்டு நசுங்கிய தலைக்கவசம் கழலவில்லை, கொல்லன் சுத்தியலால் தட்டி எடுத்துக்கொண்டிருக்கிறான். பரிசு என்ன தெரியுமோ? பெரியதோர் ஆற்றுமீன்!

சாகும் தறுவாயில், பிறரிடம் கவர்ந்ததைத் திருப்பித் தராதார்க்கு மீட்சி இல்லை என்னும் திருச்சபையின் போதனை அவனுக்கு நினைவூட்டப்பட்டது. ஐந்நூறு வீரரைப் பிடித்தவன் யாரிடம் எதைத் திருப்பித் தருவது? அப்படியானால் எவனுமே கரையேற முடியாது என்று மறுமொழி கூறியதாகக் காப்பியம் சொல்கிறது. நேர்மையான விடை. அதில் வீரநெறி எங்கே என்று தேடினால் கிடைப்பது வணிகனின் நாணயந்தான். அதுவும் சிறிதன்று; ஆனால் நாம் தேடியது அதுவன்று.

மார்ஷல் களங்களில் பொருள் ஈட்டிய அதே பத்தாண்டில், அதே வட பிரான்சில், கிரெத்தியான் த த்ருவா என்னும் கவிஞர் ஷாம்பெய்ன் பெருமாட்டி மரியின் ஆதரவில் லான்சலட் கதையைப் பாடிக்கொண்டிருந்தார். டென்னிசனைப் பாடநூலில் பயின்ற அன்பர்கள் லான்சலட்டை அறிவர். ஆயினும் கிரெத்தியானின் கதையிலே வரும் ஒரு கட்டம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நோவாஸ் என்னும் ஊரில் விளையாட்டுப்போர். லான்சலட் தன்னை மறைத்து வருகிறான். யாராலும் வெல்ல முடியவில்லை. அரசி கினிவியருக்கு ஐயம். ஒரு பணிப்பெண்ணை அனுப்புகிறாள்: மிக மோசமாகப் பொருக என்பது ஆணை. அந்த நொடி முதல் லான்சலட் குறி தவறுகிறான். அஞ்சி ஓடுவதுபோல் ஓடுகிறான். கட்டியக்காரர் கைகொட்டிச் சிரிக்கின்றனர். மறுநாளும் அதே ஆணை, அதே கீழ்ப்படிதல். பிறகே, நன்றாகப் பொருக என்னும் சொல் வருகிறது. அவனும் எல்லாரையும் வெல்கிறான்.

இந்தக் கட்டத்தில் கிரெத்தியான் செய்திருப்பது என்ன? மார்ஷலின் உலகில் மாண்பை எண்ணிவிடலாம்: 103 வீரர், இத்தனை குதிரை, ஒரு மீன். கிரெத்தியான் அந்த ஏட்டையே கிழித்துப் போட்டுவிட்டார். ஊரே கோழை என்று தூற்றும்போது ஒருவன் தன் நெறியின் உச்சியில் நிற்கக்கூடும். அதை அறிந்தவர் இருவரே, அவனும் ஆணையிட்டவளும். அளவுகோலைக் களத்திலிருந்து பிடுங்கி நெஞ்சினுள் நட்டவர் கவிஞரே. காதலுக்கு அடிமையான வீரனைக் கிரெத்தியான் உள்ளூரக் கேலி செய்கிறார் என்று கூறும் அறிஞரும் உளர். கேலி இருக்கலாம், இருந்தாலும் அளவுகோல் இடம் மாறிவிட்டது உண்மை.

அதனை வீரர்கள் பின்பற்றினார்களா என்றால், அவர் ஆதரவாளரையே சான்று காட்டலாம். கிரெயில் என்னும் தூய கலத்தைத் தேடிச் செல்லும் கதையைக் கிரெத்தியான் பாடியது ஃபிளாண்டர்சு கோமகன் பிலிப்புக்காக. அந்தப் பிலிப்பு களத்தோரம் தன் படையோடு காத்திருந்து, மற்றவரெல்லாம் பொருது களைத்து அணி கலைந்தபின் திடீரெனப் பாய்ந்து பிடிப்பதில் வல்லவன் என்று மார்ஷல் காப்பியம் கூறுகிறது. மாலையில் கிரெயில் கதை. பகலில் இந்தத் தந்திரம்.

ஆயினும் அடுத்த நூற்றாண்டிலே ஒரு புதுமை நிகழ்ந்தது. வீரர்கள் கவிதையை நடிக்கத் தொடங்கினர். 1223இல் சைப்ரஸ் தீவில் பெய்ரூட் தலைவன் ஜான் த இபெலின் தன் மைந்தர் இருவர்க்கு வீரப்பட்டம் சூட்டிய விழாவில், ஆர்தர் மன்னனின் வட்டமேசைக் கதைகளை வீரர்கள் நடித்துக் காட்டினர். ஆஸ்திரியப் பெருங்குடியைச் சேர்ந்த கவிஞர் உல்ரிக் ஃபான் லீக்டன்ஸ்டைன், 1227இல் காதல் தெய்வம் வீனசாகப் பெண்ணுடை தரித்து வெனிஸ் நகரப் புறத்திலிருந்து பொகீமியாவரை வழிநெடுக ஈட்டிப்போர் செய்துகொண்டே போனதாகவும், 1240இல் ஆர்தர் மன்னனாகவே வேடமிட்டு உலா வந்ததாகவும் தம் கவிதை நூலில் எழுதுகிறார். எவ்வளவு நடந்தது, எவ்வளவு புனைவு என்று இன்றும் வழக்காடுகின்றனர். வாழ்க்கையும் கவிதையும் அவ்வளவு பின்னிவிட்டன என்பதே நாம் கொள்ளத்தக்கது. 1344இல் இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வர்டு ஆர்தரின் வட்டமேசையை மீண்டும் நிறுவப்போவதாகச் சூளுரைத்து, வின்சர் கோட்டையில் வட்டமான பெரும் மாளிகைக்குக் கால்கொண்டான். 2006இல் அகழ்ந்தபோது அதன் அடித்தளம் ஏறத்தாழ 200 அடி விட்டத்தில் வெளிப்பட்டது. கட்டடம் முற்றுப்பெறவில்லை. அதற்கு மாற்றாகத்தான் கார்ட்டர் வீரர்குழாம் எழுந்தது.

இவற்றுள் என் நெஞ்சை விட்டு அகலாதது ஆக்கர் நகரத்து விழா. 1286இல் சைப்ரஸ் மன்னன் இரண்டாம் ஹென்றி ஜெருசலேம் அரசனாகவும் முடிசூடிய மகிழ்ச்சியில், பதினைந்து நாள் கொண்டாட்டம் நடந்தது. லான்சலட், டிரிஸ்டன் கதைகள் நடிக்கப்பட்டன. வீரர்கள் பெண்ணுடை தரித்துப் பெண்ணரசு நாட்டு வீராங்கனையராய் ஈட்டி எறிந்து பொருதனர். மதிலுக்கு வெளியே சிலுவைப்போர் நாடுகள் ஒவ்வொன்றாய் வீழ்ந்துகொண்டிருந்த காலம் அது. ஐந்தாண்டு கழித்து, 1291இல், ஆக்கர் மம்லூக்குகளிடம் வீழ்ந்தது. அவ்விழாவைப் பேதைமை என்பார் உண்டு. அப்படிக் கூற எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே எக்ளிண்டன் பிரபு போலி செய்தார் என்றால், அவர் போலி செய்தது இன்னொரு போலியை. வீரநெறியின் பொற்காலம் என்று நாம் எண்ணும் நூற்றாண்டுகளிலேயே வீரர்கள் பழையதொரு பொற்காலத்தை நடித்துக்கொண்டிருந்தனர். பின்னோக்கிப் போகப் போக, இறுதியில் நிற்பது களமன்று, கவிதை.

பிற்காலத்துக் களம் பாதுகாப்பு மிகுந்து, இருவருக்கும் நடுவே தடுப்பு வேலி வந்து, அரசவை அலங்காரமாயிற்று. அப்போதும் ஈட்டி ஈட்டியே. 1559 ஜூன் 30இல் பாரிசில் பிரெஞ்சு மன்னன் இரண்டாம் ஹென்றியின் முகக்கவசத்துள் மாண்ட்கோமரி என்னும் வீரனது ஒடிந்த ஈட்டியின் சிம்பு பாய்ந்தது. பத்து நாள் துடித்து மன்னன் இறந்தான். எக்ளிண்டன் பிரபுவின் குடும்பப்பெயரும் மாண்ட்கோமரிதான் என்பது வரலாற்றின் குறும்பு.

இனி அந்தப் பிரபுவிடம் மீள்வோம். அப்போது அவருக்கு வயது 26. முந்திய ஆண்டு, 1838இல், விக்டோரியா அரசியின் முடிசூட்டு விழாவில் விக் கட்சி அரசு செலவைச் சுருக்கிற்று. வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்து விருந்தும், அரசுரிமையை மறுப்பார் உளரேல் வருக என்று கையுறை எறிந்து அறைகூவும் கவச வீரனின் வருகையும் நீக்கப்பட்டன. 1821இல் நடந்ததே கடைசியாயிற்று. பழமை போற்றுவோர் இதனைப் ‘பென்னி முடிசூட்டு’ என்று எள்ளினர். எக்ளிண்டனின் மாற்றாந்தந்தை சர் சார்லஸ் லாம் அவ்விழாவில் தமக்குரிய பங்கை இழந்தவருள் ஒருவர். (கட்டுரையாளர் சார்லஸ் லாம் வேறு.) அரசு செய்யாததை நான் செய்கிறேன் என்று இளைஞர் புறப்பட்டார். நூல்களும் தூண்டின. 1819 இறுதியில் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’வில் ஆஷ்பி ஊர் விளையாட்டுப்போரைப் படிக்காதவர் அன்று இலர். ஸ்காட் பிற்காலப் பழக்கங்களைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின்மேல் ஏற்றிச் சொன்னவர். எழிலரசியை அரியணையில் அமர்த்தி அக்காலத்தவர் மனத்தில் பதித்ததும் அவர் கதையே. கினிவியர் ஆணையிட்டாள், ஸ்காட்டின் வழிவந்த எழிலரசி அமர்ந்திருக்கிறாள். இந்த இறக்கத்தை ஆண் ஆசிரியர்கள் ஏனோ குறிப்பதில்லை.

லண்டனில் சாமுவேல் பிராட் என்னும் பழங்கவச வணிகரின் கடையில் தொடக்கக் கூட்டம் கூடியபோது வந்தவர் ஏறத்தாழ 150 பேர். கவசத்தின் விலையையும் எடையையும் கண்டு ஆர்வம் கரைந்தது. இறுதியில் களம் புகுந்தோர் பதினைந்துக்கும் குறைவு. செலவு 30,000 பவுனுக்கும் மேல் என்று அன்றே பேசப்பட்டது.

அதே கோடையில் நிகழ்ந்த இன்னொன்றையும் உடன் வைத்துப் பார்க்கவேண்டும். 1839 ஜூலை 12ஆம் நாள், ஆண்மக்கள் அனைவர்க்கும் வாக்குரிமை கோரிப் பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தாரின் விண்ணப்பத்தை நாடாளுமன்றம் 46க்கு எதிராக 235 வாக்குகளால் தள்ளியது. மெலியார்க்குத் துணை நிற்பதே வீரநெறி என்றால், அந்த ஆகஸ்டில் அதற்கு உரிய களம் அயர்ஷயரின் புல்வெளி அன்று. கவசத்தின் பூவேலைப்பாட்டை நுணுகிப் பார்த்தவர்கள் இதைப் பார்க்கவில்லை. பிரபுவைக் குறை கூறவேண்டுமாயின் இதற்காகக் கூறலாம், மழைக்காக அன்று.

ஆனால் அவரிடம் ஒன்று இருந்தது. ஊர் சிரித்த மறுநாளும் அவர் விழாவைக் கலைக்கவில்லை. 30ஆம் நாள் வானம் வெளுத்தது, சேற்றுக் களத்தில் மீண்டும் குதிரைகள் பாய்ந்தன, ஈட்டிகள் ஒடிந்தன. இறுதியில் நடந்த கூட்டு வாட்போரில் வாட்டர்ஃபோர்டு, ஆல்ஃபோர்டு பிரபுக்கள் இருவரும் நடிப்பை மறந்து சினந்து மோத, விலக்கிவிட வேண்டியதாயிற்று. அந்தச் சினம் மட்டும் அசல் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சரக்கு.

அவ்விழாவோடு ஆர்வம் ஓயவில்லை. ஓவியத்திலும் பள்ளிகளிலும் பரவி, 1908இல் பேடன்-பவல் எழுதிய சாரணர் நூலில் வீரர்களின் ஒழுக்கம் பற்றிய பகுதியாய் நுழைந்தது. நம் ஊர்ப் பள்ளிகளில் காக்கி உடையும் கழுத்துத்துணியும் அணிந்து உறுதிமொழி கூறும் சிறுவனிடமும் லான்சலட்டின் சாயல் சிறிது உண்டு. 1914இல் இதே சாயலைக் காட்டித்தான் இளைஞரைப் பதுங்குகுழிக்கு அழைத்தனர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

1966 மே முதல் நாள், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஒரு வீட்டின் பின்புறத் தோட்டத்தில் நண்பர் சிலர் விளையாட்டுப்போர் ஒன்று நடத்தினர். வீடு டயானா பாக்ஸனுடையது. இடைக்கால இலக்கியம் பயின்றவர், பின்னர் புதினங்கள் எழுதினார். முடிவில் இருபதாம் நூற்றாண்டைக் கண்டிப்பதாகக் கூறிக்கொண்டு தெருவில் பாடி ஊர்வலம் போயினர். அதிலிருந்து வளர்ந்த அமைப்பின் பெயரைப் ‘படைப்பார்வக் காலமுரண் கழகம்’ என்று தமிழாக்கலாம். இன்று பல நாடுகளில் அதற்குக் கிளைகள் உண்டு. பென்சில்வேனியாவில் ஆண்டுதோறும் கோடையில் கூடும் அவர்களது பெரும்பாசறைக்குப் பதினாயிரம் பேர்வரை வருகின்றனர். இடைக்காலத்தை இருந்தவாறன்றி, இருந்திருக்க வேண்டியவாறு நடத்துவதே தம் நோக்கம் என்று அவர்கள் சொல்வதுண்டு. வரலாற்றுப் பேராசிரியர் இதற்கு முகம் சுளிக்கலாம். கிரெத்தியான் சுளிக்கமாட்டார்.

எக்ளிண்டனுக்கும் இவர்களுக்கும் வேறுபாடு பல. இங்கே வேடிக்கை பார்ப்போர் என்று தனிக்கூட்டம் இல்லை. வருவோர் யாவரும் பழங்கால உடை தரிக்கவேண்டும். பெண்களும் கவசமணிந்து பொருகின்றனர். போட்டியில் வென்றவரே அரசராகிச் சில திங்கள் ஆண்டு, அடுத்து வென்றவர்க்கு முடியைத் தந்துவிட்டுப் போகிறார். வாள் இரும்பன்று, ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாத பருமனுள்ள பிரம்பு. பிரம்படியின் வலி நம்மவர்க்குச் சொல்லத் தேவையில்லை. கவசத்தின் மேலும் அது தழும்பு தரும்.

பிரம்பு வாள் வெட்டாது; ஆகவே பட்ட அடி மெய்யான வாளாயிருந்தால் கொன்றிருக்குமா என்று யாரேனும் தீர்ப்புக் கூறவேண்டும். களத்தில் நடுவர் உண்டு. அவர் பாதுகாப்பைக் கவனிப்பார். அடியைப் பற்றி வாய் திறவார். அடித்தவரும் கூறக்கூடாது. அடிபட்டவரே கூறவேண்டும். அடி உறைத்ததா, கேடயத்தில் உரசி வலுவிழந்து வந்ததா என்பதை அறியக்கூடியவர் கவசத்தினுள் இருக்கும் அவர் ஒருவரே. கழகம் முழுவதும் நோக்கியிருக்க, மணிமுடிக்கான இறுதிச் சுற்றில், அடிவாங்கியவர் ‘நன்று’ என்று சொல்லித் தாமே வீழ்கிறார். சொல்லாமல் நின்றுகொண்டே இருப்பவரும் உண்டு. அத்தகையவரைப் பற்றிய முணுமுணுப்பு எல்லாக் களங்களிலும் உண்டு. எக்ளிண்டன் பிரபு 30,000 பவுன் கொடுத்து வாங்கிய கவசங்களுள் இந்த ஒரு விதி இல்லை. மார்ஷலின் ஏட்டிலும் இல்லை. நோவாஸ் களத்தில், கட்டியக்காரர் சிரிக்கச் சிரிக்கக் குறி தவறிய வீரனிடம் மட்டும் இருந்தது.

இன்னொரு வழக்கமும் அங்கே காணப்படுகிறது. இது விதியன்று, செய்வார் செய்வர். கையில் அடிபட்டால் அக்கையை இழந்ததாகக் கொண்டு மற்றக் கையால் பொரவேண்டும். காலில் பட்டால் மண்டியிட்டுப் பொரவேண்டும். அவ்வேளையில் எதிரில் நிற்பவர் சிலர், ஒரு சொல்லும் பேசாமல், தம் கையையும் முதுகுப்புறம் மடக்கிக்கொள்கின்றனர். தாமும் மண்ணில் மண்டியிடுகின்றனர். பிறகு ஆட்டம் தொடர்கிறது.